பணம் வெளியேறும் வாசல்களிலிருந்து தொடங்கினோம்: வெளிக் கண்காணிப்புச் சேவையை இணைத்த பதிவு

எங்கள் நிறுவனம் சிறு வணிகர்களுக்குக் கடன் கொடுக்கிறது. அவர்களுடைய கடைகளின் யுபிஐ வசூலையும் கையாளுகிறது. சர்வர்கள் எல்லாம் அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் மும்பை மையத்தில் இருக்கின்றன. பாதுகாப்பைப் பார்க்கும் ஆட்கள் என்னோடு சேர்த்து ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடுவார்கள். பகலைச் சமாளித்துவிடலாம், ராத்திரிதான் சிக்கல்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் சொந்தமாக ஒரு கண்காணிப்பு அறை வைப்பது எங்களைப் போன்ற அளவுக்குக் கட்டுப்படியாகாது. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 45 மணி நேரம் வேலை பார்த்தால், ஒரே ஒரு நாற்காலியை இடைவிடாமல் நிரப்ப நான்கு பேர் வேண்டும். விடுப்பு, உடம்புக்கு முடியாத நாள் எல்லாம் சேர்த்தால் ஐந்து. ராத்திரியில் ஒருவரைத் தனியாக உட்கார வைக்கக் கூடாது என்றால் பத்துப் பேர். அதனால் கணினிகள் தானாக எழுதிவைக்கும் நடவடிக்கைப் பதிவுகளை, அதாவது லாக்கை, 24 மணி நேரமும் பார்த்து, சந்தேகம் வந்தால் கூப்பிட்டுச் சொல்லும் சேவையை வெளியே வாங்குவது என்று முடிவானது. அதை இணைத்தபோது என்னென்ன செய்தோம், எங்கே நேரம் போனது என்பதை இங்கே எழுதுகிறேன். இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவினால் சந்தோஷம்.

சேவை நிறுவனத்தார் முதல் கூட்டத்துக்கே ஒரு பட்டியலோடு வந்தார்கள்: ஃபயர்வால், சர்வர், ஊழியர்களின் லேப்டாப், மெயில், கிளவுட் கணக்கு. எல்லாம் தேவையானவைதான். ஆனால் அதை எந்தக் கம்பெனிக்கும் கொடுக்கலாம். சோப்புத் தயாரிக்கும் கம்பெனிக்கும் அதே பட்டியல்தான் வரும். எங்களிடம் திருட வருகிறவனுக்கு வேண்டியது பணம். சர்வர் அவனுக்கு வழி மட்டும்தான்.

நடந்த பெரிய திருட்டுகளைப் பார்த்தால் இது தெரியும். 2016 பிப்ரவரி 4, வியாழக்கிழமை இரவு வங்கதேச மத்திய வங்கியிலிருந்து ஸ்விஃப்ட் வழியாக, அதாவது வங்கிகள் நாடு கடந்து பணம் அனுப்பச் செய்தி பரிமாறும் வலையமைப்பு வழியாக, போலி உத்தரவுகள் கிளம்பின. மறுநாள் வெள்ளி, அங்கே வார விடுமுறை. அப்புறம் அந்த வங்கியின் டாலர் கணக்கு இருந்த நியூயார்க்குக்குச் சனி, ஞாயிறு. திங்கட்கிழமை, பணம் போய்ச் சேர்ந்த மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை. 8.1 கோடி டாலர் போய்விட்டது. புனேயின் காஸ்மாஸ் வங்கியில் 2018 ஆகஸ்ட் 11, அதுவும் ஒரு சனிக்கிழமை. ஏடிஎம் கோரிக்கைகளுக்குப் போலியாக ஒப்புதல் கொடுக்கப்பட்டு 28 நாடுகளில் பணம் எடுக்கப்பட்டது. திங்கட்கிழமை ஸ்விஃப்ட் வழியாகவும் போனது. மொத்தம் சுமார் 94 கோடி ரூபாய். அதே ஆண்டு பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியிலிருந்து ஏறக்குறைய 20 லட்சம் டாலர் அளவுக்கு மூன்று போலிப் பரிமாற்றங்கள் போயின. காலையில் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தபோது வங்கி அதைக் கண்டுபிடித்தது. மூன்று இடத்திலும் பணத்தை வெளியே கொண்டுபோன உத்தரவுகள் முறையான வடிவத்தில்தான் இருந்தன. உத்தரவைச் சுமந்துபோன அமைப்புக்கு அதில் வித்தியாசமாக எதுவும் தெரியாது. இந்த நேரத்தில், இந்தத் தொகை, இந்தக் கணக்குக்குப் போவது வழக்கமா என்று கேட்கத் தெரிந்தால் மட்டுமே பிடிபடும்.

அதனால் அவர்கள் பட்டியலோடு எங்கள் பட்டியல் ஒன்றையும் போட்டோம். அதில் ஒரே கேள்வி: பணம் எந்த வழியாகவெல்லாம் வெளியே போக முடியும்? கடன் தொகையை அனுப்பும் ஏபிஐ, அதாவது ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வழி. வணிகருக்கு நாளின் முடிவில் போகும் செட்டில்மென்ட். ரீஃபண்ட். பின்னலுவலகத் திரையில் பெறுநரின் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றும் பொத்தான். வங்கியோடு பேசும் டிஜிட்டல் சாவிகள் இருக்கும் பெட்டகம். கடைசி இரண்டையும் யாரும் 'வாசல்' என்று நினைப்பதில்லை. ஆனால் கணக்கு எண்ணை மாற்றிவிட்டால் போதும், அடுத்த செட்டில்மென்ட் தானாகவே திருடனிடம் போகும். எந்தச் சர்வரையும் உடைக்க வேண்டாம்.

இந்த ஒவ்வொரு வாசலிலும் என்ன லாக் விழுகிறது என்று பார்த்தோம். கணக்கு எண்ணை மாற்றினால் 'விவரம் புதுப்பிக்கப்பட்டது' என்று ஒரு வரி மட்டும் விழுந்தது. யார் மாற்றினார், எந்த ஐபி முகவரியிலிருந்து, பழைய எண் என்ன, புதிய எண் என்ன, ஒப்புதல் கொடுத்தவர் யார், எதுவும் இல்லை. இதை எந்தக் கண்காணிப்புக் குழுவிடம் கொடுத்தாலும் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே முதல் கட்டத்தில் பெரும்பகுதி நேரம் எங்கள் டெவலப்பர்களோடு உட்கார்ந்து இந்த நிகழ்வுகளுக்கு முழு லாக் எழுத வைப்பதிலேயே போனது. சேவையை வாங்கிய கையோடு எல்லாம் ஓடத் தொடங்கும் என்று நிர்வாகம் எதிர்பார்க்கும். இந்த வேலைக்கான நேரத்தைத் திட்டத்தில் முதலிலேயே எழுதிக் காட்டிவிடுவது நல்லது.

அடுத்தது மறைப்பு வேலை. வெளியாரிடம் லாக் போகிறது என்றால் அதில் ஆதார் எண், கார்டு எண், ஓடிபி எதுவும் தெரியக் கூடாது. தேடிப் பார்த்தபோது எஸ்எம்எஸ் அனுப்பும் பகுதியில் டெவலப்பர்கள் கோளாறு கண்டுபிடிக்க எழுதும் லாக்கில் ஓடிபி அப்படியே இருந்தது. அதை மூலத்திலேயே நிறுத்தினோம். ஆதாருக்கு, லாக் எங்கள் எல்லையைத் தாண்டும் முன்னால், 12 இலக்க எண் எது வந்தாலும் மறைத்துவிடும் விதி ஒன்றை எழுதினோம். அங்கேதான் சிக்கல் வந்தது.

யுபிஐ பரிவர்த்தனையைத் தேட உதவும் ஆர்ஆர்என் என்ற எண்ணும் 12 இலக்கம்தான். மறைப்பு விதி இரண்டையும் ஒன்றுபோலவே விழுங்கியது. ஒரு பணப் பரிமாற்றத்தை வங்கியிடம் காட்டி 'இதை நிறுத்துங்கள்' என்று கேட்க நம்மிடம் இருக்கும் ஒரே பிடி அந்த எண். அது நட்சத்திரக் குறிகளாக மாறிப் போனால் அலர்ட் வந்தும் பிரயோஜனம் இல்லை. முதல் இலக்கத்தை வைத்துப் பிரிக்கலாமா என்று பார்த்தோம். ஆதார் 0, 1 ஆகியவற்றில் தொடங்காது. ஆர்ஆர்என் பொதுவாக ஆண்டின் கடைசி இலக்கத்தில் தொடங்கும். 2025 என்றால் 5. அந்த 5 ஆதாருக்கும் வரலாம், எனவே அது உதவவில்லை. ஆதாரின் கடைசி இலக்கம் வெர்ஹோஃப் முறையில் கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். அந்தச் சோதனையைச் சேர்த்தால் பெரும்பாலான ஆர்ஆர்என்கள் தப்பிவிடும். ஆனால் பத்தில் ஒன்று தற்செயலாகச் சோதனையில் தேறி மறைந்துவிடும். கடைசியில் இப்படிச் செய்தோம்: ஜேசன் வடிவில், அதாவது ஒவ்வொரு தகவலும் தன் பெயரோடு தனிப் புலமாக, வரும் லாக்கில் புலத்தின் பெயரைப் பார்த்து மறைப்பது, ஆர்ஆர்என் புலத்தைத் தொடவே கூடாது, சும்மா வாக்கியமாக வரும் லாக்கில் மட்டும் வெர்ஹோஃப் சோதனை. யாராவது இதே வேலையைச் செய்தால் வெறும் 12 இலக்க விதியோடு நின்றுவிடாதீர்கள்.

நேரம் இன்னொரு பொறி. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவில் எல்லாக் கணினிகளும் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு ஒத்துப்போக வேண்டும் என்று இருக்கிறது. எங்கள் கடிகாரங்கள் சரியாகத்தான் ஓடின. ஆனால் அப்ளிகேஷன் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதியது, பழைய டேட்டாபேஸ் ஒன்று இந்திய நேரத்தில் எழுதியது, அது இந்திய நேரம் என்பதற்கான +05:30 குறிப்பு இல்லாமல். சேவை நிறுவனத்தின் மென்பொருள் இரண்டையும் யூடிசி என்றே எடுத்துக்கொண்டது. 'புதிய சாதனத்திலிருந்து லாகின் ஆகி, பத்து நிமிடத்துக்குள் கணக்கு எண்ணை மாற்றினால் அலர்ட்' என்ற விதியில் லாகின் ஒரு மூலத்திலிருந்தும் மாற்றம் இன்னொன்றிலிருந்தும் வந்தன. இடையில் ஐந்தரை மணி நேரம். விதி ஒருபோதும் அலர்ட் எழுப்பாது. தப்பான அலர்ட் வந்தாலாவது யாராவது கவனிப்பார்கள். வராத அலர்ட்டை யார் கவனிப்பது? வேண்டுமென்றே அந்தச் செயலைச் செய்து பார்த்ததால்தான் இது வெளியே வந்தது. இப்போது எல்லா மூலங்களும் நேர மண்டலக் குறிப்போடு எழுதுகின்றன. ஒவ்வொரு விதிக்கும் அதை அலர்ட் எழுப்ப வைக்கும் ஒரு செயல்முறைச் சோதனை உண்டு. சோதனை இல்லாத விதியைச் சேர்ப்பதில்லை.

லாக்கைச் சேமிப்பது பற்றிச் சுருக்கமாக. அதே சர்ட்-இன் உத்தரவு 180 நாள் லாக்கை இந்திய எல்லைக்குள் வைத்திருக்கச் சொல்கிறது. ஏடபிள்யூஎஸ் கணக்கில் யார் என்ன செய்தார் என்று பதியும் கிளவுட்ட்ரெயிலின் திரையில் தானாகக் கிடைப்பது 90 நாள்தான். கார்டு விவரம் கையாளுகிறவர்களுக்கு கார்டுத் துறையின் பாதுகாப்புத் தரமான பிசிஐ டிஎஸ்எஸ் 12 மாதம் கேட்கிறது, அதில் கடைசி மூன்று மாதம் உடனே எடுக்கக் கூடியதாக இருக்க வேண்டும். நாங்கள் பெரிய எண்ணையே எடுத்துக்கொண்டு, தனிக் கணக்கில், அழிக்க முடியாத பூட்டோடு ஏடபிள்யூஎஸ்ஸின் எஸ்3 சேமிப்பில் வைத்திருக்கிறோம். அந்தக் கணக்குக்குள் டெவலப்பர்களுக்கு அனுமதி இல்லை. சந்தேக நடவடிக்கைகளைக் கண்டுபிடிக்கும் ஏடபிள்யூஎஸ் சேவையான கார்ட்-ட்யூட்டியை (GuardDuty) மும்பைக்கு மட்டும் இல்லாமல் ஏடபிள்யூஎஸ்ஸின் எல்லா மண்டலங்களுக்கும் போட்டோம், ஏனென்றால் திருட்டுச் சாவியோடு வருகிறவன் நாம் எட்டிப் பார்க்காத மண்டலத்தில்தான் கடை விரிப்பான். விலை ஜிபி கணக்கில் என்பதால் நெட்வொர்க் லாக் முழுவதையும் அனுப்பவில்லை. பணம் அனுப்பும் பகுதியின் லாக்கை மட்டும் அனுப்பி, மற்றதை எங்களிடமே வைத்துக்கொண்டோம்.

இனி அலர்ட்டுகள். சேவையை இயக்கிய புதிதில் வந்தவற்றில் பெரும்பாலானவை வீண். அதற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். புதிதாக வந்த காவலாளிக்கு விடிகாலை நான்கு மணிக்குக் கேட்டைத் தட்டுகிறவர் பால்காரர் என்று வீட்டுக்காரர்கள்தானே சொல்ல வேண்டும்? நாங்கள் உட்கார்ந்து எங்கள் வழக்கங்களை எழுதிக் கொடுத்தோம். மாதத் தவணை பிடிக்கும் தேதியில் வங்கிக் கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுக்கும் நாச் கோரிக்கைகள் மொத்தமாகப் போகும். கணக்கில் பணமில்லாமல் திரும்பியவர்கள் அன்றே யுபிஐயில் கட்ட ஆயிரக்கணக்கில் உள்ளே வருவார்கள். அது தாக்குதல் அல்ல, தவணை நாள். நள்ளிரவுக்கு மேல் கணக்கு ஒப்பீட்டு வேலை ஓடி டேட்டாபேஸிலிருந்து மொத்தமாக எடுக்கும். அது தகவல் திருட்டு அல்ல. ஆனால் அதே வேலை வேறு நேரத்தில், வேறு சர்வரிலிருந்து ஓடினால் உடனே கூப்பிட வேண்டும். 'ஒதுக்கிவிடு' என்று மட்டும் சொன்னால் திருடன் அந்த ஒதுக்கத்துக்குள் ஒளிந்துகொள்வான். எந்த நேரம், எந்த இடம், எந்த அளவு வரை வழக்கம் என்று வரையறை கொடுத்துத்தான் ஒதுக்க வேண்டும்.

ஐபி முகவரி விஷயத்திலும் நிறையப் பேச வேண்டியிருந்தது. 'ஒரே ஐபியிலிருந்து பல லாகின் தோல்விகள்' என்பது அவர்களுடைய தயார் விதி. நம் ஊரில் மொபைல் நெட்வொர்க்குகளில் ஒரே ஐபிவி4 முகவரிக்குப் பின்னால் ஏராளமான வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். அந்த விதியை வைத்து ஐபியைத் தடுத்தால் ஒரு ஊரே கட்டணம் செலுத்த முடியாமல் நிற்கும். எனவே எண்ண வேண்டியதை மாற்றினோம். ஒரே சாதன அடையாளத்திலிருந்து எத்தனை வெவ்வேறு மொபைல் எண்கள் முயற்சிக்கப்படுகின்றன? எங்களிடம் கணக்கே இல்லாத எண்கள் எத்தனை விழுக்காடு? கேட்கப்பட்ட ஓடிபிகளில் எத்தனை உண்மையாக உள்ளிடப்படுகின்றன? கடைசிக் கேள்வி நல்ல பலன் கொடுத்தது. ஒரு நாள் ஓடிபி கோரிக்கை ஏறிக்கொண்டே போனது, உள்ளிடும் விகிதம் சரிந்துகொண்டே வந்தது. யாரோ எங்கள் ஓடிபி ஏபிஐயைப் பயன்படுத்தி வேறு ஆட்களின் போனுக்கு எஸ்எம்எஸ் மழை பொழிந்துகொண்டிருந்தார்கள். ஐபிகள் பலவாகச் சிதறியிருந்ததால் பழைய விதிக்கு அது தெரிந்திருக்காது. கண்காணிப்புக் குழு கூப்பிட்டுச் சொன்னது, நாங்கள் அந்த வழியில் கூடுதல் சரிபார்ப்பைப் போட்டோம், எஸ்எம்எஸ் செலவும் நின்றது.

கூப்பிடுவது என்றேன் அல்லவா, அதற்கே ஒரு அத்தியாயம் எழுதலாம். அலர்ட் மெயிலில் வந்தால் ராத்திரி யாரும் பார்க்க மாட்டார்கள். போன்தான். ஆனால் தெரியாத எண்ணை இப்போதெல்லாம் போனே ஸ்பேம் என்று அடக்கிவிடுகிறது. அதனால் அவர்கள் கூப்பிடும் எண்களை முறைப்பணியில் இருக்கும் ஒவ்வொருவரும் சேமித்து, சத்தம் அணைத்திருந்தாலும் அடிக்கும்படி வைக்க வேண்டும். முதலாமவர் எடுக்கவில்லை என்றால் ஐந்து நிமிடத்தில் இரண்டாமவர், அப்புறம் நான், அப்புறம் தொழில்நுட்பத் தலைவர். எடுத்தவர் நிஜமாகவே எங்கள் ஆள்தானா என்று அவர்களும், கூப்பிடுகிறவர் நிஜமாகவே அவர்கள்தானா என்று நாங்களும் உறுதிசெய்ய ஒரு மாறும் சொல் உண்டு. கண்காணிப்பு நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு 'அவசரம், சாவியைக் கொடுங்கள்' என்று கேட்பது திருடனுக்கு மிக எளிது.

எடுத்த பிறகு என்ன செய்யும் அதிகாரம் யாருக்கு? இதில் நிர்வாகத்தோடு நீண்ட விவாதம் நடந்தது. லேப்டாப்பை நெட்வொர்க்கிலிருந்து பிரிப்பது, கசிந்த கிளவுட் சாவியை முடக்குவது: இவற்றை அவர்கள் எங்களைக் கேட்காமலே செய்யலாம். பணம் அனுப்புவதை நிறுத்துவதை மட்டும் எங்கள் ஆள்தான் செய்ய வேண்டும். அதற்கு ஒரு தனிச் சுவிட்ச் கட்டினோம். அதைப் போட்டால் வெளியே போகும் பணம் வரிசையில் நிற்கும், ரத்தாகாது, வசூல் தொடரும். முறைப்பணியில் இருக்கும் பொறியாளர் யாரையும் கேட்காமல் அதைப் போடலாம், தவறாகப் போட்டாலும் அவரைக் கேள்வி கேட்கக் கூடாது என்று தலைமை எழுத்தில் கொடுத்தது. அந்தக் கடிதத்தை வாங்கியது இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேலை. ராத்திரி ஒரு இளைஞர் தனியாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பயம் அவர் கையைக் கட்டிவிடக் கூடாது.

முன்னறிவிப்பில்லாமல் சோதித்தும் பார்த்தோம். உள் ஆவணத் தளத்தில் ஒரு போலி ஏடபிள்யூஎஸ் சாவியைப் பொறியாக விட்டு வைத்தோம். அதற்கு எந்த அனுமதியும் கிடையாது. அதே போல, கடன் வாங்காத கற்பனை வாடிக்கையாளர் ஒருவரை டேட்டாபேஸில் வைத்தோம். அவர் பக்கத்தைத் திறக்க யாருக்கும் எந்தக் காரணமும் இல்லை. பிறகு ஒரு நள்ளிரவில் வெளியிலிருந்து அந்தச் சாவியைப் போட்டு, 'நான் யார்' என்று கேட்கும் கெட்காலர்ஐடென்டிட்டி அழைப்பைச் செய்தோம். சாவியைத் திருடியவர்கள் வழக்கமாக முதலில் செய்வது அதுதான். அலர்ட் பதிவானது, ஆனால் போன் வரவில்லை. அந்த வகைக்கு அவர்கள் மென்பொருள் 'நடுத்தரம்' என்று தரம் போட்டிருந்தது. நடுத்தரம் என்றால் காலையில் பார்ப்பார்கள். போலிச் சாவியைத் தொட்டால் அதில் நடுத்தரம் என்று ஒன்று இருக்கவே முடியாது. தரத்தை உயர்த்தினோம். அடுத்த முறை போன் வந்தது. அதோடு, கிளவுட்ட்ரெயில் நிகழ்வுகள் கைக்கு வரச் சில நிமிடங்கள் ஆகும் என்பதால் பணம் தொடர்பான அலர்ட்டுகளை அதை நம்பாமல் அப்ளிகேஷனிலிருந்து நேரடியாக அனுப்புகிறோம். லாக் அனுப்பும் ஏதாவது ஓர் இடம் மௌனமானாலும் அலர்ட் உண்டு. உள்ளே வந்தவன் முதலில் அணைக்கப் பார்ப்பது லாக்கைத்தான்.

ஒப்பந்தத்தைப் படிக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். ரிசர்வ் வங்கி 2023 ஏப்ரல் 10 அன்று வெளியிட்ட தகவல் தொழில்நுட்ப வேலைகளை வெளியாரிடம் கொடுப்பது பற்றிய உத்தரவில் கண்காணிப்பு மையத்தை வெளியே கொடுப்பதற்கென்றே தனிப் பின்னிணைப்பு இருக்கிறது. விதிகளை வரையறுப்பதிலும் லாக்கிலும் உரிமையும் மேற்பார்வையும் நம்மிடம் இருக்க வேண்டும் என்கிறது அது. இதைக் காட்டி, எங்களுக்காக எழுதிய விதிகள் எங்களுடையவை, சேவையை மாற்றினால் படிக்கக் கூடிய வடிவில் திருப்பித் தர வேண்டும் என்று சேர்த்தோம். இன்னொன்று, 'அலர்ட்டை ஏற்றுக்கொள்ளும் நேரம்' என்று அவர்கள் போட்டிருந்ததை 'ஒரு மனிதர் பார்த்து முடிவு சொல்லும் நேரம்' என்று மாற்றினோம். ஏற்றுக்கொள்வதை ஒரு மென்பொருளே ஒரு நொடியில் செய்துவிடும். சர்ட்-இன்னுக்குச் சம்பவத்தைத் தெரிவிக்க நமக்கு 6 மணி நேரம்தான், அதைக் கவனித்த நிமிடத்திலிருந்து. அவர்கள் கவனித்த நிமிடத்தையே நாங்கள் கவனித்ததாக எடுத்துக்கொள்கிறோம். அறிக்கைப் படிவத்தின் மாறாத பகுதிகள் முன்பே நிரப்பித் தயாராக இருக்கின்றன.

இப்போது வாரம் ஒருமுறை அவர்களோடு அமர்ந்து, வந்த அலர்ட்டுகளைப் பார்க்கிறோம். அதோடு, புதிதாக என்ன வெளியிடப்போகிறோம் என்பதையும் முன்கூட்டிச் சொல்கிறோம். மிச்சம் இருப்பது கூட்டாளிகள் பக்கம். 2024 ஜூலை கடைசியில் சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பம் கொடுக்கும் சி-எட்ஜ் நிறுவனத்தைத் தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியபோது, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ அதைச் சில்லறைப் பணப்பரிமாற்ற அமைப்பிலிருந்து தற்காலிகமாகத் துண்டித்தது. ஏறக்குறைய 300 வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்குப் பணம் அனுப்ப முடியவில்லை. எங்களுக்கும் கேஒய்சி சரிபார்ப்பு, எஸ்எம்எஸ், வங்கி இணைப்பு என்று பலர் இருக்கிறார்கள். அவர்கள் சாவிகள் எங்கள் பெட்டகத்தில், எங்கள் சாவிகள் அவர்களிடம். அந்தச் சாவிகள் ஒவ்வொன்றும் எந்த ஐபியிலிருந்து, எந்த நேரத்தில், எவ்வளவு பயன்படுவது வழக்கம் என்று எழுதும் வேலையை ஆரம்பித்திருக்கிறோம். வங்கி இணைப்பின் சாவிகளை முதலில் எடுத்துக்கொண்டோம்.